மைதீன் பாத்திமா கேட்ட முன்பெஞ்சு

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் மைதீன் பாத்திமா தினமும் காலையில் மகள் தஸ்மியாவைக் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டுவாள். சளி வெளியேற அதுதான் வழி. மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளிவிடும் நுண்ணிய இழைகள் அசையாத பிறவிக் கோளாறு அந்தப் பிள்ளைக்கு. அபூர்வமானது, மரபணுவில் வந்தது, யாருக்கும் ஒட்டாது. தட்டும் சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டு சபீதா, "ஏட்டி, பிள்ளைய என்னத்துக்குப் போட்டு அடிக்க?" என்று முதலில் சண்டைக்கே வந்துவிட்டாள்.

பள்ளியில் சேர்த்தபோது, "இருமிக்கிட்டே இருப்பா டீச்சர். வாசப்பக்கம் கடைசி பெஞ்சுல போடுங்க, துப்பிட்டு வர வசதியா இருக்கும்" என்று கேட்டவள் பாத்திமாதான். மற்றப் பிள்ளைகளுக்குத் தொந்தரவு கூடாதாம். ஏழைகளுக்கு நாம் கற்றுத்தந்திருக்கிற மரியாதை இது. பிள்ளைக்கு நோய் வந்தால் தாய் ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நான்காம் வகுப்பிலும் தஸ்மியா எழுத்துக்கூட்டத் திணறினாள். தலைமையாசிரியை லில்லி, பாத்திமாவை வரச்சொல்லி, "இவளுக்குப் படிப்பு ஏறல. வேற பள்ளிக்கூடம் பாருங்க" என்றார். மந்தம் என்று சொல்ல ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. காதைச் சோதிக்கச் சொல்ல நான்கு வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாத்திமா தானாகவே கூட்டிப்போய்க் காட்டிய காது மருத்துவர் விளக்கினார். அதே கோளாறால் இரண்டு காதுகளிலும் நீர் கட்டியிருக்கிறது, தள்ளி நின்று பேசினால் பாதிச் சொல் கேட்காது, இருமித் தூக்கம் கெடுவதால் கவனமும் சிதறும்.

பாத்திமா நேரே பள்ளிக்கு, லில்லி டீச்சரிடம் போனாள்.

"கடைசி பெஞ்சு நான் கேட்டது டீச்சர், தப்புதான். இப்ப முன்னால போடுங்க."

"மத்த தாய்மாரு சண்டைக்கு வருவாவளே. டி.பி.ன்னு நினைக்காவ."

"வரட்டும். நான் வாசல்ல நிக்கேன். என்கிட்ட கேக்கட்டும்."

மறுநாள் தஸ்மியாவுக்கு முன்பெஞ்சு கிடைத்தது. பாத்திமா பீடித் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து, பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்றாள்.

"பீடித்தூளு குடிச்சு வளந்த பிள்ள, ஒட்டாதாம்லா" என்றாள், தஸ்மியாவுக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் தாய்.

"ஒட்டும்னா மொதல்ல எனக்குல்லா ஒட்டணும்? பொறந்ததுலேருந்து கட்டிப்பிடிச்சுத்தான் படுக்கேன். சந்தேகம்னா நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வா, டாக்டர்ட்டயே கேளு."

அவள் வரவில்லை. தன் மகளை வேறு பெஞ்சுக்கு மாற்றச் சொல்லவும் இல்லை.

தஸ்மியா இப்போது கரும்பலகைக்கு எதிரே உட்காருகிறாள். வாசிப்பு பைய வருகிறது. பெருக்கல் இன்னும் தகராறுதான்.

"அரையாண்டு வரைக்கும் பாப்போம்" என்றார் லில்லி டீச்சர்.

"முழுப்பரீட்சையும் இங்கனதான் எழுதுவா டீச்சர்" என்று சொல்லிவிட்டு, பாத்திமா மறுபடியும் வாசலுக்குப் போனாள்.