கோடிச் சேலையில் ரப்பர் பால்

காலை பத்து மணிக்குச் செய்தி வந்தபோது விஜயகலாவின் முழங்கை வரை ரப்பர் பால். மரம் மரமாகச் சிரட்டைப் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தவளுக்குக் கங்காணி கீழே நின்றே குரல் கொடுத்தார்: "வெள்ளையம்மா அத்தை போயிட்டாங்களாம்மா!"

தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் வாழ்க்கைப்பட்ட அத்தை அவள். மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தாள். பார்க்கப் போகும்போதெல்லாம், "எனக்குப் பொறந்த வீட்டுக் கோடி விழுந்தாப் போதும்டி" என்பாள். அவளுடைய அண்ணன் முன்பே காலமாகிவிட்டார். ஆகவே சடலத்துக்குப் புதுச் சேலையான கோடி போடும் கடமை அவர் பிள்ளைகளான விஜயகலாவுக்கும் தம்பி சதீஸுக்கும்தான்.

மாவனல்லை டவுனில் வேலை செய்யும் சதீஸுக்கு விடியும்போதே போனில் தகவல் போயிருந்தது; மரங்களுக்கிடையே நின்றவளுக்குத்தான் பிந்தி வந்தது. விஜயகலா தன் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரத்தில் அவனும் அரக்குச் சேலையோடு ஆட்டோவில் வந்திறங்கினான். அழுகையை அடக்கியபடி வந்தவள் கையைக் கழுவாமலே சேலையை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை அப்பியது.

"அக்கா! என்னா வேல பாத்துட்ட! சாயந்தரமே எடுக்கிறாங்க. குளிப்பாட்டக் கோடிக்குத்தான் காத்திருக்காங்க. மறுபடி டவுனுக்குப் போய் வர முடியாது."

சாயக் கறையோ துருவோ, விஜயகலாவின் கை எலுமிச்சையைத்தான் தேடும். பதற்றத்தில் ஒரு பாதியை எடுத்துத் தேய்த்தாள். பால் அங்கேயே திரைந்து நூலோடு நூலாக ஒட்டிக்கொண்டது.

பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து ஜெயம்மா எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, ரப்பர் ஸ்டோர்ல பாலுக்கு அசிட் ஊத்தி உறைய வச்சு ஷீட் போடுறத எத்தன வருஷமா பாக்குற? எலுமிச்சையும் அசிட்தானே! சேலையிலயும் ஷீட் போடுறியா?"

"தண்ணியில அலசியிருந்தாலே போயிருக்குமே..." விஜயகலா தலையில் அடித்துக்கொண்டாள். பிறந்த வீட்டுக் கோடியில் கறை என்றால் ஊர் பேசும். அத்தையின் ஆசையும் பாழ்.

ஜெயம்மா மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். முதலில் உள்ளோரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார்கள், சாயம் போகவில்லை. பிறகு பழந்துணியில் நனைத்துக் கறையில் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். ரப்பர் ஊறி உப்பியது. விஜயகலா பெருவிரலால் உருட்ட, திரி திரியாகக் கழன்று வந்தது. இரண்டு தடவை சவர்க்காரம் போட்டு அலசினாள்.

"அடுப்பு மேல காயப் போடவாக்கா?"

"போடு, போடு. மண்ணெண்ணெய் பத்தி அத்தைக்கு முந்தி நம்ம லயமே எரியட்டும்!" என்றாள் விஜயகலா.

சதீஸ் சிரித்துவிட்டான். விஜயகலாவுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. சேலையின் இரு முனைகளை அவனும் அவளும் பிடித்துக் காற்றில் காய வைத்தார்கள்.

அத்தை வீட்டு வாசலில் முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கறை இல்லை. முகர்ந்து பார்த்தாள், இலேசான வாடை. உள்ளே புகைந்த சாம்பிராணியில் அதுவும் தெரியவில்லை. "பொறந்த வீட்டுக் கோடி வந்துருச்சு" என்று பெண்கள் வழிவிட்டார்கள். குளிப்பாட்டி முடித்து அரக்குச் சேலையைப் போர்த்தியபோதுதான் விஜயகலாவுக்கு மூச்சு வந்தது. அதன் பிறகு எந்தத் தடையும் இல்லாமல் அழுதாள்.

அவசரத்தில் லயத்தில் கழற்றிப் போட்ட அவளுடைய வேலை ரவிக்கையில் பால் உறைந்து கிடந்தது. கோடியைக் கவனித்தவளுக்கு அதைத் துவைக்க நேரமே இருக்கவில்லை.