பதினோரு பேருக்கு மூன்று லிட்டர்

நேற்று அச்சரப்பாக்கத்திலிருந்து ஒருவர் என் காரை வாங்க வந்தார். மோர் குடித்தார். வந்த பஸ்சிலேயே திரும்பிப் போனார். கார் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. இனியும் நிற்கும்!

இந்த வெற்றி சும்மா கிடைத்ததா? கேளுங்கள்.

என் மனைவி கஸ்தூரியின் தம்பி தணிகாசலம் அமெரிக்காவில் இன்ஜினீயர். முன்பு ஒரு தடவை லீவில் வந்தபோது தன் காரின் போட்டோவைக் காட்டினான். பதினெட்டு அடி நீளம். எங்கள் செங்கல்பட்டுத் தெருவில் அதைத் திருப்ப வேண்டுமென்றால் இரண்டு வீட்டையாவது இடிக்க வேண்டும். என் அம்பாசடரைத் தட்டிப் பார்த்து, “ரொம்பச் சின்னதா கீதே மாமா” என்று பரிதாபப்பட்டான்.

இந்தத் தடவை ஆள் மாறிவிட்டான். பெட்ரோல் விலை ஏறியதும் அங்கேயும் பங்க்கில் கியூவாம். நம்மூர் மண்ணெண்ணெய் கியூவில் இருந்து தப்பிப் போனவனை அமெரிக்காவிலும் கியூவில் நிற்க வைத்துவிட்டார்கள்... பாவம். பதினெட்டு அடியை விற்றுவிட்டு ஒரு குட்டி ஜப்பான் கார் வாங்கிவிட்டான். புதிதாகச் சிகரெட்டை விட்டவன் ஊரையே திருத்தக் கிளம்புவானே, அப்படித்தான் வந்து இறங்கினான்.

பெட்டியைத் திறந்ததும் சென்ட் பாட்டில் வரும் என்று பார்த்தால் கேட்லாக்குகள் வந்தன. ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி — எந்த நாட்டுக் கார் எத்தனை அடி, காலனுக்கு எத்தனை மைல் என்று ஒரே பிரசங்கம். என் அம்பாசடர் இப்போது ‘ரொம்பப் பெரிசு’. போன தடவை சின்னது, இந்தத் தடவை பெரிசு. கார் என்னவோ ஓர் அங்குலம்கூட வளரவில்லை.

நான் விடுவேனா? அமெரிக்க காலன் வேறு, நாம் அந்தக் காலத்தில் அளந்த இங்கிலீஷ் காலன் வேறு என்று மடக்கினேன். அவன் சிரித்தான். அமெரிக்க காலன்தான் சின்னதாம். சின்ன காலனிலேயே அத்தனை மைல் ஓடுகிறது என்றால் ஜப்பான் கார் இன்னும் உசத்தி என்றுதானே அர்த்தம்? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பெட்ரோல் செலவைப் பார்த்து ஏற்கெனவே புலம்பிக்கொண்டிருந்த கஸ்தூரி, தம்பி பக்கம் சாய்ந்துவிட்டாள். அச்சரப்பாக்கத்து ரைஸ்மில்காரருக்குச் சொல்லியும் அனுப்பியாகிவிட்டது. எங்கள் பெண் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அந்தக் காரில்தான். அதையா விற்பது?

கடைசியாக ஒரு பந்தயம் கேட்டேன். டேங்க்கைக் காலி செய்து, தணிகாசலமே மூன்று லிட்டர் அளந்து ஊற்ற வேண்டும். திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போய்ச் சேர்ந்தால் கார் எனக்கு. நடுவில் நின்றால் ரைஸ்மில்லுக்கு. அம்பயர் — கஸ்தூரி!

ஆள் மூன்று பேர்தான், நிதானமாகப் போனால் சேர்ந்துவிடலாம் என்பது என் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை, காலில் முள் தைத்தவன் மாதிரி மெதுவாக ஓட்டினேன். கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் குறுக்கே வந்து கையைக் காட்டினார். காதர் பாய். மகாபலிபுரத்தில் சிப்பி சாமான் கடை வைத்திருப்பவர், எனக்கு நல்ல பழக்கம்.

அன்று அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மதுராந்தகத்திலிருந்து வரும் மச்சானை அழைத்துப் போக வந்திருக்கிறார். மகாபலிபுரம் பஸ் வரவில்லை. தாய்மாமன் வராமல் அங்கே பேச்சை ஆரம்பிக்க மாட்டார்கள்.

“பேஜாராப் போச்சு அண்ணாத்த. மாப்ள வூட்டுக்காரங்க வந்து குந்திகினு கீறாங்க. மச்சான மட்டுமாவது ஏத்திகினு போ.”

மச்சானை மட்டும் எப்படி ஏற்றுவது? அவர் பின்னால் அவர் மனைவி, அம்மா, மூன்று குழந்தைகள், ஒரு சமையல்காரர். சமையல்காரர் பக்கத்தில் ஒரு பிரியாணி தேக்சா. பாயோடு சேர்த்து எட்டு பேர்!

“இவ்ளோ பேர ஏத்துனா வண்டி போய்ச் சேராது மாமா” என்று தணிகாசலம் என் காதில் சொன்னான். எனக்கு மட்டும் தெரியாதா? அந்த எட்டு பேர் ஏறினால் என் கார் போச்சு. இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தேன். கஸ்தூரி அதற்குள் பின்கதவைத் திறந்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

எப்படி அடங்கினோம் என்று கேட்காதீர்கள். தணிகாசலத்தின் மடியில் ஒரு குழந்தை. மச்சானின் அம்மா ஜப்பான் கேட்லாக்கை வாங்கி விசிறிக்கொண்டார்.

பூஞ்சேரி தாண்டி, கடல் காற்று முகத்தில் படுகிற இடத்தில், வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. தணிகாசலம் குதித்து இறங்கினான். தேக்சாவுக்குப் பின்னாலிருந்து ஸ்பேர் பெட்ரோல் டின்னை எடுத்தான். “தோத்துட்டீங்க மாமா.” குரலில் அத்தனை சந்தோஷம். டின்னை டேங்க்கில் கவிழ்த்தான். நான் வண்டியை எடுத்தேன்.

தாய்மாமன் இறங்கினார், பேச்சு ஆரம்பித்தது, தட்டு மாற்றினார்கள். பிரியாணியும் ஆயிற்று. எல்லோரும் கடை வாசல் நிழலில் இளைப்பாறும்போது கஸ்தூரி தம்பியைக் கூப்பிட்டாள்.

“உன் ஜப்பான் கார்ல எத்தினி பேர் குந்தலாம்?”

“நாலு பேரு.”

“நாம பதினோரு பேர் வந்தோம். அதுக்கு எத்தினி காரு வோணும்?”

“மூணு...” குரல் இறங்கியது.

“மூணு காரு குடிக்கிற பெட்ரோலக் கூட்டு. அப்பால யாரு தோத்ததுன்னு சொல்லு.”

தணிகாசலம் நேர்மையான பையன். கேட்லாக்கின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். அடித்தான். மறுபடி போட்டான். பிறகு அவனே ஒப்புக்கொண்டான் — “அங்கெல்லாம் ஒரு காருக்கு ஒரு ஆளுதாங்க்கா போவான்.”

அப்படியானால் மூன்று கார்கூட இல்லை, பதினோரு கார்! தேக்சாவுக்கு இன்னொன்று என்றார் காதர் பாய். அம்பயர் தீர்ப்பு சொல்லிவிட்டாள்: கார் விற்பதற்கில்லை. எனக்கு அந்தக் கடற்கரை முழுக்க ஓடிவர வேண்டும் போல இருந்தது.

திரும்பும்போது கழுக்குன்றத்தில் அதே மாதிரி ஒரு கூட்டம், இந்தத் தடவை வராதது செங்கல்பட்டு பஸ். நான் பிரேக்கில் கால் வைப்பதற்குள் தணிகாசலம் சொன்னான்: “நிறுத்துங்க மாமா. பின்னாடி எடம் கீது.”

அத்தனை கேட்லாக்கையும் நேற்று ராத்திரி புரட்டிப் பார்த்தேன் — ‘கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க’ என்கிற வசதி எந்த நாட்டுக் காரிலும் இல்லை!