பம்ப் அறையிலிருந்து வந்த பதில்

நேரம் சரியாக நினைவிருக்கிறதா என்பதில் எனக்கே சந்தேகம். இரண்டு நாற்பதா, நாற்பத்தைந்தா... ஆனால் திரையில் வந்ததை நான் பார்த்தேன். அதில் சந்தேகமே இல்லை.

2000, கோரமண்டல் தங்கச் சுரங்கம். சுரங்கத் தண்ணீரை இறைக்கும் காண்ட்ராக்டைத் தனியார் கம்பெனி ஒன்று முடித்துக்கொண்ட நாள். மூன்று மணிக்கு, ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜின் இரும்புக் கயிற்றை வெட்டுவார்கள். ஆபீஸ் கணினிகளைக் கழற்றுவது என் வேலை.

வாசலில் வெங்கடம்மா நின்றாள். கணவன் சம்பங்கி, பம்ப் ஆள். நான்கு நாளாக வீடு திரும்பவில்லை.

"பெங்களூருக்கு ஓடிட்டான்மா. டோக்கன் போர்டுல தொங்குது, பாரு," என்றார் மேனேஜர் நந்தகுமார்.

இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனை எடுத்துப் போவான். ஏறியதும் கொக்கியில் மாட்டுவான். கொக்கி நிறைந்திருந்தால் கீழே ஆளில்லை.

"ஊருக்குப் போறவரு செருப்பு போடாமயா போவாரு? செருப்பு இங்கதான கீது சார்!"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கழற்றுமுன் ஒவ்வொரு கணினிக்கும் பிங் அனுப்பிப் பார்ப்பேன். இணைப்பில் இருந்தால் பதில் வரும். கைப்பழக்கத்தில் பம்ப் அறைக் கணினிக்கும் அடித்துவிட்டேன்.

பதில் வந்தது.

அந்தக் கணினியைப் பத்து நாள் முன்பே மேலே கொண்டுவந்துவிட்டார்கள். என் மேசைக்கடியில்தான் கிடந்தது. ஒயரே இல்லாமல்.

மூன்று பதில். இடைவெளி. மூன்று பதில். இடைவெளி...

கேஜ் ஓட்டும் சாம்சன் எட்டிப் பார்த்தார்.

"மூணு பெல்லுப்பா அது. கீழ ஆளு ஏற நிக்கிறான்."

"கேஜை இறக்குங்க சார்!" நந்தகுமாரிடம் கத்தினேன்.

"கையெழுத்து போட்டாச்சு. இன்னாப்பா, பெட்டி பேசுதா? போங்க, வேலையப் பாருங்க."

திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அந்த மனிதர். சட்டையைப் பிடித்தேன். இரண்டு பேர் என்னை இழுத்துத் தள்ளினார்கள்.

2:58. மூன்று.

2:59. மூன்று.

3:00. டமார்... கயிறு போய்விட்டது.

3:01. இரண்டு.

3:02. ஒன்று.

பிறகு...

ஒன்றுமில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தக் கணினியைத் திறந்தேன். உள்ளே சேற்றுத் தண்ணீர். அதில் ஒரு பித்தளை டோக்கன். 212. சம்பங்கியுடையது. அவன் கடைசியாக இறங்குவதற்கு ஆறு நாள் முன்பே மேலே வந்த பெட்டி அது.

அப்படியானால் போர்டில் தொங்கியது? ஸ்டோரில் வேலை பார்த்த வால்டர் தலைகுனிந்து சொன்னான்: "கணக்கு டேலி ஆவணும்னு மேனேஜர் புதுசா ஒரு டோக்கன் அடிக்கச் சொன்னாரு."

போலீஸில் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. சாம்சன் அடுத்த வருடம் இறந்தார். நந்தகுமார் பெங்களூரில் வீடு கட்டிக்கொண்டார். வெங்கடம்மா சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டிலேயே இருக்கிறாள். அந்தச் செருப்பையும் எடுத்துப்போய் வீட்டு வாசலில் வைத்திருக்கிறாள். கேஜ் இறங்கிய ஷாஃப்டில் தண்ணீர் ஏறிவிட்டது. சம்பங்கி கீழே இருக்கிறான்.