என் இடுப்பிலிருந்த அவர் மூச்சு

மெட்ராஸில் ஏது குளிர்காலம் என்று சிரிக்கிறவர்களை எங்கள் திருவொற்றியூர் சந்தில் ஒரு மார்கழி மாதம் குடியிருக்கச் சொல்ல வேண்டும். குளிர் எங்களைக் கொல்லாது, உண்மைதான். ஆனால் கோடையில் கடற்காற்று அடித்து விரட்டுகிற புகையெல்லாம் குளிர்காலத்தில் போக வழியில்லாமல் எங்கள் தலைமேலேயே உட்கார்ந்துகொள்ளும். எண்ணூர் பக்கத்துச் சாம்பல், கன்டெய்னர் லாரி கிளப்புகிற தூசி, கொசுவர்த்தி, எரிகிற குப்பை எல்லாம் பனியோடு சேர்ந்து வாசலில் நிற்கும். விடிந்த பிறகும் தெருவிளக்கு எரியும். வீட்டுக்கு வீடு இருமல். அந்த மாதங்களில் என் வீட்டுக்காரரை உயிரோடு வைத்திருப்பதற்கு நான் சண்டை போட்டேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, அடிதடியே நடந்தது.

அவர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடுமேன். முறுக்குக் கம்பிக் கட்டைத் தோளில் ஏற்றி லாரியில் போடுகிற வேலை. ஒரு செட்டாகச் சேர்ந்து தூக்கி, கூலியைச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். அதனால் ஒருத்தன் மூச்சு வாங்க நின்றால் பக்கத்தில் இருப்பவன் முறைப்பான். முறைப்பு அதிகமானால் மேஸ்திரி வந்து, "நீ வூட்ல குந்து நைனா" என்று சொல்லிவிடுவார். அப்படி வீட்டில் குந்தியவர்கள் பல பேரை அவர் பார்த்திருக்கிறார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் அவருக்கு இழுப்பு வந்தது. நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற சத்தம் எனக்குச் சமையலறை வரைக்கும் கேட்டது. டாக்டர் நீல நிறத்தில் ஒரு இன்ஹேலர் கொடுத்தார். எங்கள் பக்கம் அதைப் பம்பு என்போம். இவர் அதைத் தேளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இத்த ஒரு தபா புடிச்சா அப்பால உட முடியாதுமே. சாவற வரைக்கும் இதான்."

"புடிக்காட்டி நாளைக்கே சாவு வரும், பரவால்லியா?" என்றேன்.

சட்டைப் பையில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றார். மார்க்கெட்டில் கழற்றி மாட்டுகிற சட்டையில் பீடிக்காக யார் வேண்டுமானாலும் கைவிடுவார்கள். அதனால் பம்பு என் இடுப்புக்கு வந்தது. என் சுருக்குப் பையில் சில்லறையோடும் சாவியோடும் அது கிடந்தது. நான் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு கன்டெய்னர் கம்பெனி ஆபீஸில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போகிறேன். அங்கேயும் அது என்னோடு வந்தது.

பொய் ஒரு கல்யாண வீட்டில் ஆரம்பித்தது. பந்தியில் உட்காரப் போகும்போது அவருக்கு மூச்சு முட்டியது. சுற்றிலும் மார்க்கெட் ஆட்கள். அவர் முகத்தைப் பார்த்தேன். உடனே என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, எனுக்கு ஒரு மாரி வருதே" என்று கத்தி, அவர் தோளைப் பிடித்து மண்டபத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று அவர் இரண்டு அமுக்கு இழுத்தார். திரும்பி வந்தபோது எனக்கு நான்கு பேர் விசிறினார்கள், சோடா கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஊரைப் பொறுத்தவரை இழுப்புக்காரி நான்தான். மேஸ்திரிகூட, "தங்கச்சியைத் தூதுவளை சாப்பிடச் சொல்லு" என்று சொல்லி அனுப்புவார். இரண்டு குடம் தண்ணீரை ஒரே மூச்சில் மாடிக்குத் தூக்குகிறவள் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ பொம்பள. உனுக்கு வந்தா யாரும் இன்னா ஏதுன்னு கேக்கப் போறதில்ல. எனுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சா சோறு பூடும்" என்று இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதில் பொய் இல்லை. மகளைப் பெரம்பூரில் கட்டிக்கொடுத்த செலவிலிருந்தே நாங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. சரி என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. ஆளையாவது தேற்ற வேண்டாமா? குளிர்காலத்தில் ஆரோக்கியமாக இருக்க வழிகள் என்று போனில் வருகிற எல்லாவற்றையும் அவர்மேல் ஏவினேன். அதிகாலை நடைக்குப் போகப் போர்வையை உருவினேன். அவர் உதைத்தார். நான் மூஞ்சியில் தண்ணீர் ஊற்றினேன். ஒரு கண்ணில் தூக்கத்தோடும் ஒரு கண்ணில் கொலைவெறியோடும் கடற்கரைக் கருங்கல் ஓரமாக நடப்பார். எதிரே தெரிந்தவர் யாராவது வந்தால், "இவுளுக்குத்தான். டாக்டரு நடக்கச் சொல்லிக்கிறாரு" என்பார். நான் இருமிக் காட்ட வேண்டும்.

நண்டை இடித்து மிளகு போட்டு ரசம் வைத்தால் குடிப்பார். ஆவி பிடிப்பதுதான் பெரிய ரகளை. நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்து, தலையில் போர்வை போட்டு, எழுந்திருக்க முடியாமல் பிடரியைப் பிடித்து அமுக்குவேன். ஒருநாள் சட்டியை எட்டி உதைத்துவிட்டார். கொதிதண்ணீர் என் கால்மேல் கொட்டித் தோல் உரிந்தது. கையிலிருந்த கரண்டியால் அவர் முதுகில் போட்டேன். அவர் டம்ளரை வீசினார், அது டிவியில் பட்டுத் தெறித்தது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டில் அடியும் உதவவில்லை. பிறகு என் காலுக்கு அவரே மருந்து தடவினார், தடவிக்கொண்டே, நடுநடுவே நின்று மூச்சு வாங்கி, என்னைத் திட்டினார். எனக்கு அவர்மேல் கோபமே இல்லை. பயம். ராத்திரி பக்கத்தில் படுத்து அந்த விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். காலையில் அந்தப் பயம்தான் என் கையில் அடியாக இறங்கும்.

போகி வந்தது. எங்கள் சந்தில் போகி என்றால் பழைய பாயும் துடைப்பமும் மட்டும் இல்லை, லாரி டயர் எரிய வேண்டும். அந்த டயரை வருஷா வருஷம் மார்க்கெட் பக்கத்து லாரி ஷெட்டிலிருந்து உருட்டிக்கொண்டு வருகிறவர் என் வீட்டுக்காரர்தான். அதில் அவருக்கு ஒரு கெத்து. இந்த வருஷம் வேண்டாம் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன்.

"ஏன்னு ஜனம் கேக்கும்" என்றார்.

"கேட்டா எனுக்கு இழுப்புன்னு சொல்லு. அதுக்குத்தான நான் கீறேன்?"

"பொண்டாட்டிக்கு பயந்தவன்னு சொல்லுவானுங்க" என்றார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாது அந்த ஆளுக்கு.

போகியன்று மேளச் சத்தத்தில்தான் விழித்தேன். கதவிடுக்கு வழியாகக் கரும்புகை உள்ளே வந்துகொண்டிருந்தது. பாயில் அவர் இல்லை. வெளியே ஓடினேன். சந்து முனையில் டயர் எரிகிறது. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கம்பியால் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ஷேர் ஆட்டோக்காரன் பக்கத்தில் நின்று பெட்ரோல் ஊற்றினான். அவன் என் வீட்டுக்காரரை மாமு என்பான், என்னை யக்கா என்பான், நல்லவன்தான். புகைக்கு அந்தப் பக்கம் அவர் கழுத்தெலும்புக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. எனக்கு மட்டும்தான் அது என்ன என்று தெரியும்.

குழாயடியில் நிரம்பியிருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் டயர்மேல் கவிழ்த்தேன். ஒரு பக்கம்தான் அணைந்தது. கரித்தண்ணீர் ஆட்டோக்காரனின் புதுச்சட்டையில் அடித்தது.

"யக்கா, மெர்சலாயிட்டியா நீ? உனுக்கு இழுப்புன்னா கதவ சாத்திகினு உள்ள படுத்துக்க. உன் ஒருத்தி நெஞ்சுக்காவ தெருவே போகி கொளுத்தாம இருக்கணுமா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். சொல்லுய்யா, இப்பவாவது சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டு, "உள்ள போமே" என்றார்.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. மறு குடத்துக்குத் திரும்பினேன். ஆட்டோக்காரன் குறுக்கே வந்து தள்ளினான். சாக்கடை மூடிமேல் விழுந்தேன், முழங்கை கிழிந்தது. எழுந்து வெறும் குடத்தால் அவன் வாயிலேயே ஓங்கி அடித்தேன். உதடு பிளந்து ரத்தம் தாடையில் வழிந்தது. அவன் கை என் கூந்தலைப் பிடித்தது. அந்த நேரம்தான் இவர் கம்பியைப் போட்டுவிட்டு அவன்மேல் பாய்ந்தார். இருவரும் சாம்பலில் உருண்டார்கள். இவர் அவன் காதோடு சேர்த்து அறைந்தார், அவன் இவர் விலாவில் முட்டியால் இடித்தான். நான் அவன் தோளைக் கடித்து இழுத்தேன். யார் யாரோ என்னைப் பிடித்து இழுத்தார்கள். மேளம் நிற்கவே இல்லை.

திடீரென்று இவர் கை தளர்ந்தது. தரையில் உள்ளங்கையை ஊன்றி முட்டி போட்டார். வாய் திறந்திருந்தது, காற்று உள்ளே போகவில்லை. கல் எடுக்கக் குனிகிறார் என்று நினைத்து ஆட்டோக்காரன் இன்னும் ஒரு உதை உதைத்தான். பிறகு அவர் உதட்டைப் பார்த்தான். அது நீலமாகியிருந்தது.

இடுப்பில் கை வைத்தேன். சுருக்குப் பை இல்லை. தள்ளுமுள்ளில் அறுந்து போய் அது டயர் நெருப்பில் கிடந்தது. பம்பு உருகிப் பிளாஸ்டிக் சொட்டிக்கொண்டிருந்தது.

"பம்பு! பம்பு போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன்.

"உனுக்கு இப்ப இன்னாக்கா, நீ நல்லாத்தான கீற?" என்றான் ஆட்டோக்காரன்.

"என்னுது இல்லடா பாவி, அவுருது! அவுருதுடா!"

மேளம் நின்றது. ஆட்டோக்காரன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். புறங்கையால் ரத்தத்தைத் துடைத்தான். பிறகு லுங்கியைத் தூக்கி, உள்ளே போட்டிருந்த டிராயர் பையில் கைவிட்டு ஒரு பம்பை எடுத்தான். அதே நீலம். வாசலில் நின்றிருந்த அவன் பொண்டாட்டி வாயில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கே அதுவரை தெரியாது.

நான் அதைப் பிடுங்கி இவர் வாயருகே கொண்டுபோனேன். இவர் பல்லைக் கடித்துக்கொண்டார். சுற்றி நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே பல்லைக் கடித்துக்கொண்டார். சாகிற நேரத்திலும் அந்த ஆளுக்கு யார் பார்க்கிறார்கள் என்பதுதான் கவலை. மூக்கைத் திருகிப் பிடித்து, கன்னத்தில் பளாரென்று விட்டேன். வாய் திறந்தது. அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன். ஆட்டோக்காரன் அவரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வண்டிக்கு ஓடினான்.

பெரியாஸ்பத்திரியில் அன்று உட்கார இடமில்லை. புகை குடித்தவர்கள்தான் எல்லோரும். இவருக்கு மூக்கும் வாயும் மூட மாஸ்க் வைத்து மருந்து ஆவி விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நீலம் இறங்கியது. ஆட்டோக்காரன் உதட்டில் தையலோடு வந்து பக்கத்தில் குந்தினான்.

"தெருவுல யாரும் இன்னாத்தயும் பாக்கல மாமு. நான் பேசிக்கிறேன். நீயும் என்னுது இன்னாத்தயும் பாக்கல" என்றான். மாஸ்குக்குள் இவர் தலையாட்டினார். இருவரையும் அங்கேயே கட்டி வைத்து உதைக்கலாம் போல் இருந்தது எனக்கு.

அப்போது வாசலில் மேஸ்திரி தெரிந்தார். கையில் பிரெட்டும் சாத்துக்குடியும். சண்டையில் உன் லோடுமேனின் பொண்டாட்டிக்கு இழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இவர் அவரைப் பார்த்தார். பார்த்ததும் மாஸ்கை வெடுக்கென்று கழற்றி என் முகத்தில் மாட்டிவிட்டார். வார் என் முடியில் சிக்கியது.

"இன்னாம்மா தங்கச்சி, இப்ப எப்டி கீது?" என்றார் மேஸ்திரி.

சில்லென்ற மருந்து வாசனை என் மூக்கில் ஏறியது. பக்கத்தில் அவர் விலா மறுபடி உள்ளே இழுக்க ஆரம்பித்திருந்தது. நான் தலையாட்டினால் போதும், அவர் வேலை தப்பித்துவிடும். அவர் முகம் என்னைக் கெஞ்சியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அப்படிக் கெஞ்சியதில்லை.

மாஸ்கைப் பிடுங்கி அவர் முகத்தில் வைத்து, ஒரு கையால் பிடரியைப் பிடித்து, மறு கையால் அழுத்தினேன். அவர் என் மணிக்கட்டில் அடித்தார். நகத்தால் கீறினார். நான் விடவில்லை.

"எனுக்கு ஒண்ணும் இல்லண்ணே. எனுக்கு எப்பவுமே ஒண்ணும் இல்ல. இவருக்குத்தான் இழுப்பு."

மேஸ்திரி பிரெட்டைக் கட்டில்மேல் வைத்தார். "ஏன் நைனா எங்கிட்ட சொல்லல?" என்று இவரைக் கேட்டார்.

"சொல்லியிருந்தா கம்பி தூக்க உட்டிருப்பியாண்ணே?" என்று நான் கேட்டேன். அவர் சாத்துக்குடியையும் பிரெட் பக்கத்தில் வைத்தார்.

கம்பி தூக்குகிற வேலை போயிற்று. எடை மேடையில் சீட்டு கிழித்துக் கொடுக்கிற வேலைக்கு வரச் சொன்னார்கள், கூலி பாதிதான். பொங்கலன்று இவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். காணும் பொங்கலன்று காலையில் நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்று ஆரம்பித்தார். என் வாய், என் திமிர், என்னைப் பெற்றவர்கள், மேஸ்திரி முன்னால் நான் வாங்கிய அவர் மானம் என்று ஒன்று விடாமல் திட்டினார். ஐப்பசியிலிருந்து வீட்டுக்குள் என்னைத் திட்டும்போதுகூட நடுநடுவே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனுஷன். அன்று ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அவர் திட்டி நான் எதிர்த்துப் பேசாமல் இருந்ததே கிடையாது. அன்று ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன்.