திறந்த தொட்டிக்கு முன்னால் சிவபாதம் அண்ணை

வெள்ளிக்கிழமை காலை கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மோர்டனிலிருந்து கமலா அக்கா, சிவபாதம் அண்ணையின் மனைவி. "தம்பி, அவர் போயிட்டார். காலமை தேத்தண்ணியோட போய் எழுப்பினன், எழும்பேல்லை." துக்கத்துக்கு முன்னால் எனக்குள் எழுந்தது பழைய பயம்தான். என்ன நடந்தது என்று கேட்க வாய் வரவில்லை. அக்கா அதை உணர்ந்திருக்க வேண்டும். "இருதயம்தான் தம்பி. வேற ஒண்டுமில்லை" என்றார்.

வெம்பிளியில் எங்கள் கடைக்கு வந்துபோன உங்களுக்கு, அங்கே வேலை செய்த சிவபாதம் அண்ணையைத் தெரியும். மீன் பெட்டி வரும் நாளில் உங்களுக்கென்று நல்ல விளைமீனை ஒதுக்கிவைத்து, "பேந்து வாறன் எண்டு சொல்லிப்போட்டு வராமல் விடாதையுங்கோ" என்று அதட்டுபவர். அவர் ஒரு காலத்தில் குடியால் வேலையை இழந்தவர், வீட்டையும் இழக்க இருந்தவர் என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். அவரே சொல்லியிருப்பார். இந்த அஞ்சலியில் அதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "அவர் மறைக்காததை நீர் ஏன் மறைக்கிறீர்?" என்றார்.

எங்கள் கடையில் ஒரு சுவர் முழுக்க மதுப் போத்தல்கள். அதற்கு முன்னால் எப்படி நிற்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "மூடியிருக்குத் தம்பி. மூடியிருக்கிறது என்னோட கதைக்காது" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கென்ற் பகுதிக் கிராமம் ஒன்றில் சிறிய அளவில் பியர் காய்ச்சும் ஒருவரின் சரக்கைச் சில வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் விரும்பிக் கேட்டார்கள். அவர் லண்டனுக்குக் கொண்டுவந்து தரமாட்டார். நாங்கள்தான் போக வேண்டும். எனக்கு வான் வண்டி ஓட்டத் தெரியாது. "நான் போறன்" என்றார் அண்ணை. அன்று காலை அவர் வானுக்குள் ஏறியபின் கமலா அக்கா என் பக்கத்துக் கண்ணாடியருகே குனிந்து, "தம்பி, அவரை ஒருக்காப் பாத்துக்கொள்ளும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அண்ணைக்குக் கேட்டிருக்கும். வழி நெடுக, ஸ்டியரிங்கில் இருந்த அவருடைய கைகளையே நான் பார்த்துக்கொண்டு போனேன்.

பழைய தானியக் களஞ்சியம் ஒன்றில் அந்த இடம் இருந்தது. வாசலிலேயே ஊறிய பார்லியின் இனிப்பு மணம். அதற்குப் பின்னால் புளித்த வாடை. இங்கே எதுவும் மூடியிருக்கவில்லை. உரிமையாளர் டெரிக், செம்மண் நிறத் தாடிக்காரர், எங்களை மகிழ்ச்சியோடு வரவேற்று இரண்டு கிளாஸ்களை நிரப்பினார். நான் முந்திக்கொண்டு, "அவர் வான் ஓட்ட வேண்டும்" என்றேன். அரைக் கிளாஸ் ஒன்றும் செய்யாது என்று சிரித்தார் அவர்.

அண்ணை அவரை நேராகப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "வான் காரணமில்லை. நான் குடிகாரன். இதைக் குடித்தால் இன்றைக்கு வீட்டுக்குப் போகமாட்டேன்." டெரிக் இரண்டு கிளாஸ்களையும் எடுத்துக்கொண்டு போய், தேநீரோடு திரும்பினார். எனக்கு மூச்சு வந்தது. ஆபத்து கழிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பெட்டிகளை வானில் அடுக்கிவிட்டுத் திரும்பினால் அண்ணையைக் காணவில்லை. முற்றத்தில் இல்லை. தேநீர் பாதியில் இருந்தது. அவருடைய பெயரைக் கூப்பிடவும் பயமாக இருந்தது. என்ன நிலையில் பதில் சொல்வாரோ என்று. கமலா அக்காவின் முகம் கண்ணுக்கு முன் வந்தது. உள் அறைக் கதவைத் தள்ளினேன். பெரிய தொட்டி ஒன்றில் பியர் நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பை இரு கைகளாலும் பிடித்தபடி அவர் நின்றார். பக்கத்தில் ஆணியில் ஒரு தகரக் குவளை தொங்கியது.

"அண்ணை."

அவர் திரும்பவில்லை. "கழிவறை எண்டு நினைச்சுக் கதவைத் திறந்தனான். இப்ப அங்கால போக ஏலாமக் கிடக்கு. கையைப் பிடியும் தம்பி."

பிடித்தேன். வியர்வையில் வழுக்கியது. ஆனால் விரல்கள் என்னை நெரித்தன. அந்தப் பெரிய மனிதரை ஒரு சிறு பிள்ளையைப்போல வெளியே கூட்டிவந்தேன். வேலியோரம் போய் அமர்ந்தார். "குடிச்சனோ எண்டு கேளும்" என்றார். "குடிச்சனீங்களோ?" என்றேன். "இல்லை. ஆனா அக்காவிட்ட இதைச் சொல்லோணும். நீர் ஒளிச்சால் நாளைக்கு நான் ஒளிப்பன்."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மோர்டனில் கதவு திறந்ததும், சப்பாத்தைக் கழற்ற முன்னரே, அவரே எல்லாவற்றையும் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, "சாப்பாடு ஆறுது, வாங்கோ" என்றார்.

பின்னொரு காலம், ஊரில் அவருடைய தம்பி இறந்த செய்தி வந்த கிழமை, அவர் குடித்தார். இனிக் குடிக்கமாட்டார் என்று நான் நிம்மதியாக இருந்த நாட்கள் அவை. ஒரு மதியம், மதுக்கடை வாசலில் இருந்த தொலைபேசிப் பெட்டியிலிருந்து அவரே அழைத்தார். "குடிச்சிட்டன். வந்து கூட்டிக்கொண்டு போம்." போனேன். அன்றும் அக்காவிடம் அவரே சொன்னார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

இறுதிச் சடங்கில் பேசியவர்கள் அவருடைய மன உறுதியைப் புகழ்ந்தார்கள். எனக்குத் தெரிந்த சிவபாதம் அண்ணை பயந்த மனிதர். தன் பயத்தை அடுத்தவனுக்கு வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படாதவர். அந்தக் கூச்சமின்மையைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ள முயல்கிறேன்.

எல்லோரும் போனபின் கமலா அக்கா என்னருகே வந்து அமர்ந்தார். "தம்பி, உண்மையைச் சொல்லும். எனக்குத் தெரியாமல் அவர் எப்பவாவது...?"

"இல்லை அக்கா" என்றேன். யோசிக்க வேண்டியிருக்கவில்லை.