இருதயமேரியின் சனி, ஞாயிறு

இருதயமேரி திங்கள் முதல் வெள்ளி வரை திண்டிவனத்தில் ஒரு பள்ளி விடுதியில் சமைத்தாள். வாரக் கடைசியில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவதால் அவளுக்கு அந்த இரண்டு நாளும் வேலை இல்லை. அவள் புருஷன் சகாயராஜிடம் பழைய குட்டியானை வண்டி ஒன்று இருந்தது. காய்கறி மூட்டை, சிமெண்ட், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவான். சனி, ஞாயிறில் அதுவும் பெரும்பாலும் சும்மாதான் நின்றது. மகள் அஸ்வினி விழுப்புரத்தில் நர்சிங் சேர்ந்த வருடம், மேரிதான் பேச்சை எடுத்தாள்.

"வண்டியிலயே கடை போட்டா இன்னாங்க?"

"கடையா? நமக்கு அதெல்லாம் வருமா?"

"ஆஸ்டல்ல அத்தினி புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடறேன், இது வராதா? பைபாஸ்ல மெட்ராஸ் காருங்க போய்க்கினே கீது. பசிச்சா நிறுத்தாமயா போவாங்க?"

சகாயராஜ் வெல்டிங் பட்டறையில் சொல்லி வண்டியின் ஒரு பக்கத்தைத் திறந்து மூடும்படி செய்தான். பின்பக்கம் தார்ப்பாய் கட்டி அடுப்புக்கு மறைப்பு வைத்தான். 'மேரி வண்டிக்கடை' என்று அஸ்வினி போர்டு எழுதி வாங்கி வந்தாள். கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில், நெடுஞ்சாலையை ஒட்டி விருத்தாசலம் என்பவரின் காலிமனை இருந்தது. விருத்தாசலத்துக்கு நிலபுலம் உண்டு, சிமெண்ட் கடையும் உண்டு. அந்தக் கடைக்கு லோடு அடித்துக்கொண்டிருந்த சகாயராஜ் போய்க் கேட்டான். நின்னுக்க என்று சொல்லிவிட்டார்.

காலையில் இட்லியும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் அரைத்த சட்னியும், மத்தியானம் கேப்பைக் களியும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். குழம்பில்தான் மேரியின் கைவரிசை. தேங்காய் வாங்க வழியில்லாத வீட்டில் அவள் அம்மா மல்லாட்டையை வறுத்து அரைத்து ஊற்றித்தான் குழம்பைக் கெட்டியாக்குவாள். மேரியும் அப்படியே செய்தாள். கார்கள் நின்றன. உள்ளூர்க்காரர்களும் வந்தார்கள். இரண்டாம் மாதமே மத்தியானம் கழிவதற்குள் சட்டி காலியாகிவிடும். வீட்டுக்குத் திரும்பும்போது சகாயராஜ் வண்டியில் பாட்டுப் போட்டான். கல்யாணமான புதிதில்தான் அவன் அப்படிப் போட்டு அவள் பார்த்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேட்டி கட்டிய பெரிய மனிதர் ஒருவர் களியைப் பாதி சாப்பிட்டிருந்தார். சகாயராஜைப் பார்த்து, "எந்த ஊருப்பா நீ?" என்றார். அவன் சொன்னான்.

"ஊரா, காலனியா?"

"காலனிங்க."

அவர் தட்டைக் கீழே வைத்தார், கை கழுவினார், காசை வண்டி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் உள்ளூர்க்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் விருத்தாசலம் சகாயராஜைக் கூப்பிட்டனுப்பினார்.

"எனக்கு ஒண்ணுங் கெடையாது சகாயம். நான் அதெல்லாம் பாக்கறவன் இல்ல. ஆனா இது நாலு பேரு வந்து போற எடம். என்னைக் கேக்கறாங்க."

"இப்ப இன்னா பண்ணச் சொல்றீங்கண்ணே?"

"ஒண்ணும் பேஜாரு இல்ல. உன் சம்சாரம் உள்ளயே ஆக்கட்டும். முன்னாடி எங்க பானுப்ரியா நின்னு குடுக்கட்டும். போர்டுல எம் பேரைப் போட்டுக்க. வர்றதுல எனக்கும் ஒரு பங்கு. அவ்ளோதான்."

அஸ்வினி போனில் கத்தினாள். "வாணாம்மா! வேற எடம் பாக்கலாம். இது இன்னாம்மா பொழப்பு?"

"நீ படிச்சு முடிக்கற வரிக்கும்தான்டி," என்றாள் மேரி.

போர்டு மாறியது. மேரி தார்ப்பாய்க்கு உள்ளே போனாள். அங்கே காற்று வராது. அடுப்புச் சூட்டில் ரவிக்கை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தார்ப்பாய் இடுக்கு வழியாகத் தட்டு நீட்டுகிற கைகள் மட்டும் அவளுக்குத் தெரியும், முகங்கள் தெரியாது. வேண்டியதை மெதுவாகக் கேட்டு வாங்கப் பழகிக்கொண்டாள். சத்தம் வெளியே போகக் கூடாது.

பானுப்ரியா விருத்தாசலத்தின் தம்பி மகள். புருஷனோடு ஒத்துப்போகாமல் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள். தொடக்கத்தில் மேரி கொடுத்த தண்ணீரைக்கூட அவள் குடிக்கவில்லை. போகப் போக, மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் தார்ப்பாய்க்குள் வந்து, ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மேரி போட்ட களியைச் சாப்பிடுவாள். "யாராண்டயும் சொல்லிடாதக்கா," என்பாள். மேரி குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றுவாள்.

வியாபாரம் முன்னைவிட நன்றாகவே நடந்தது. அதுதான் மேரிக்குத் தாங்கவில்லை.

சென்னையிலிருந்து வீடியோ எடுக்கிற பையன் ஒருவன் வந்தான். கேமராவுக்கு முன்னால் நின்று குழம்பை நக்கிச் சாப்பிட்டான். "அக்கா, வேற லெவல்! இந்த டேஸ்ட்டுக்கு இன்னா காரணம்?"

பானுப்ரியா திணறினாள். "நான் இல்லீங்க... உள்ள..."

பக்கத்தில் நின்ற விருத்தாசலம் முந்திக்கொண்டார். "எங்க தம்பி பொண்ணுதான் சார். இது எங்க குடும்பத்துக் கைப்பக்குவம். மல்லாட்டை அரைச்சு ஊத்தறது எங்க வூட்டு மொறை. நம்ம நெலத்துல வெளைஞ்ச மல்லாட்டை."

உள்ளே நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த மேரி எழுந்தாள். தார்ப்பாயை விலக்கி வெளியே வந்தாள். கையெல்லாம் கருவாட்டு நாற்றம்.

"அது எங்கம்மா வெச்ச கொழம்பு சார். நாந்தான் ஆக்கறேன். எம் பேரு இருதயமேரி."

பையன் கேமராவை அவள் பக்கம் திருப்பினான். பிறகு விருத்தாசலத்தின் முகத்தைப் பார்த்தான். கேமராவை இறக்கிவிட்டான். வரிசையில் நின்ற ஒருவர், "இன்னொரு களி குடுங்க, லேட்டாவுது," என்றார்.

லட்சக்கணக்கான பேர் பார்த்த அந்த வீடியோவில் மேரி இல்லை. அடுத்த சனிக்கிழமை போனபோது மனையில் வேறொரு புது வண்டி நின்றது. அதே பெயரில் போர்டு. முன்னால் பானுப்ரியா, குனிந்த தலையோடு. "எடம் எனக்கே தேவைப்படுது சகாயம்," என்றார் விருத்தாசலம். சிமெண்ட் லோடும் அதோடு நின்றது. ரோட்டோரமாக வேறு இடம் தேடினார்கள். கேட்ட இடமெல்லாம், விருத்தாசலத்தைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

"இன்னும் கொஞ்ச நாள் வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்," என்றான் சகாயராஜ். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னான். அன்றிலிருந்து அவர்களுக்குள் பேச்சு குறைந்தது.

ஒரு நாள் பானுப்ரியா போன் செய்தாள். "அக்கா, மல்லாட்டைய எப்ப ஊத்தணும்? எனக்குக் கொழம்பு பிரிஞ்சு பிரிஞ்சு போவுது. பெரியப்பா திட்றாரு."

"அது உங்க குடும்பத்துக் கைப்பக்குவமாச்சே. என்னை எதுக்குக் கேக்கற?"

"சரிக்கா," என்று சொல்லி வைத்துவிட்டாள். மேரிக்கு முதலில் இனித்தது. பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்ட அந்தப் பெண்தான் கண்ணில் வந்தாள். திட்டு அவளுக்குத்தானே விழும், விருத்தாசலத்துக்கா விழப்போகிறது? திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாள். கூப்பிடவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறம் வண்டி நிற்கிறது. போர்டு கிடையாது. நோயாளிகளோடு வந்தவர்கள் இட்லி வாங்குகிறார்கள். கருவாட்டுக் குழம்புக்கு அங்கே ஆள் இல்லை. வருமானம் டீசலுக்கும் அரிசிக்கும் போக அவ்வளவாக மிஞ்சுவதில்லை. பாட்டியை வார்டில் சேர்த்துவிட்டு வந்த ஒரு பெண், சட்னி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "எந்த ஊருக்கா நீங்க?" என்றாள். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான்.

"திண்டிவனம் டவுன்தாம்மா," என்றாள் மேரி.

திண்டிவனத்திலிருந்து அவள் ஊருக்கு டவுன் பஸ் பிடித்துப் போக வேண்டும். அங்கிருந்து அவள் தெருவுக்கு இன்னும் நடக்க வேண்டும். சகாயராஜ் இட்லித் தட்டை எடுத்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தான். மேரி அவன் பக்கம் பார்க்காமல் அந்தப் பெண்ணின் தட்டில் சட்னி ஊற்றினாள். போதும் போதும் என்று அவள் சொன்ன பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.