அந்தக் குதிரையைப் பார்த்துச் சிரித்தோம்

எல்லோரும் கொண்டாடும் அந்தக் கதை எனக்குப் பிடிக்காது. பண்ணை மிருகங்கள் முதலாளியை விரட்டிவிட்டுத் தங்களுக்குள்ளேயே ஒரு கூட்டத்துக்கு அடிமையாகும் கதை. அதிகாரம் எப்படிக் கெடுக்கும் என்று சொல்கிறதாம். சொல்லட்டும். மாடாய் உழைக்கும் குதிரைக்கு எழுத்து ஏறாது என்று ஏன் எழுத வேண்டும்?

என் கணவர் அந்தமானில், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் கயிறு இழுக்கும் மஸ்தூர், கூலியாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம், பள்ளிக்கூடம் போனதில்லை. வலது தோள் போய்விட்டது. ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று காலியானது. சாமான்களின் பெயர்களை இந்தியில் வாசித்து எழுதிக் காட்டினால் போதும் என்றார் அதிகாரி.

ஐம்பது வயதில், மகளின் பழைய நோட்டில் எழுதத் தொடங்கினார். பி.ஏ. படித்த நான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வாரத்தில் பிடிபட்டதெல்லாம் அவர் பெயருக்கு வேண்டிய எழுத்துகள்தான். அந்தச் சந்தோஷத்தில் சமையலறைக் கதவில் சாக்பீஸால் பெயரை எழுதினார்.

ஒரு மாலை மகள் பள்ளிக்காக அந்தக் கதையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"சத்தமா படி பாப்பா, நானும் கேக்குறேன்" என்றார்.

பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னாள். குதிரை எழுத்துப் படிக்கும் இடம் வந்ததும் அப்பாவின் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"அரே அப்பா, இது பக்கா நீதான்!"

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம்.

"குதிரைகூட ரெண்டு வாரத்துல இதுக்கு மேல படிச்சிருக்கும்டி."

அவரும் சிரித்தார். "சரி, கடைசில அது என்னா ஆவுது?"

மகள் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. "உடம்பு முடியாம போனதும் அடிமாட்டுக்கு வித்துடறாங்க."

"யாரு?"

"கூட இருக்கறவங்கதான்ப்பா."

அவர் நோட்டை மூடினார்.

மறுநாள் மீன் கழுவியபோது, செதிலையும் குடலையும் அந்த நோட்டுத் தாள்களில் சுற்றிப் போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதிகாரி வைத்த பரீட்சை நாளன்று மாயாபந்தர் போகும் கப்பலுக்குக் கயிறு பிடிக்க வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிப் போனார். ஸ்டோர் வேலை வேறொருவருக்குப் போனது.

அந்தக் கதையைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு மகள் வகுப்பில் முதல் மார்க் வாங்கினாள். அவளாகவே ரிப்போர்ட் கார்டை அப்பாவிடம் நீட்டினாள், பேனாவோடு. கதவில் அவர் பெயர் இன்னும் அழியாமல் இருந்தது.

தோளைத் தேய்த்துக்கொண்டே, கார்டைத் தொடாமல் சொன்னார்:

"அம்மாகிட்ட குடு. குதிரைக்குக் கையெழுத்து வராது."